கறுத்த மெக்சிகோ வெள்ளி

விலையைப் பற்றி அப்புறம் பேசலாம் தம்பி. முதலில் அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் திறங்கள். அது இல்லை. அந்தப் பளபளப்பெல்லாம் எனக்கு வேண்டாம். இறக்கை வைத்த அம்மாள் நிற்கிற காசு எங்கள் வீட்டில் பீரோ தட்டு நிறையக் கிடக்கிறது. அதோ, கோடியில் கறுப்பாக இருக்கிறதே, அந்த வரிசை. மெக்சிகோதானே? கழுகு பாம்பைக் கவ்விக்கொண்டு கள்ளிச்செடி மேல் நிற்கிறதா? நிற்கிறது. அப்படியானால் ஒரு நாற்காலி போடுங்கள். காலையிலிருந்து மேஜை மேஜையாக நின்று கேட்டு முட்டி விட்டுப்போய்விட்டது.

நேற்று இதே மேஜையில் இலை போட்டுப் பாயசம் ஊற்றியிருப்பார்கள். இன்றைக்கு நீங்கள் ராஜா ராணி தலைகளைப் பரப்பி வைத்திருக்கிறீர்கள். மேடையில் பாருங்கள், மாப்பிள்ளை பெண் பெயரைக்கூட இன்னும் பிய்க்கவில்லை. நாணயக் கண்காட்சிக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா இந்தத் திருச்சியில்?

வாசல் பக்கத்து மேஜைக்காரர் என்னைப் பார்த்ததும், "அம்மா, லக்ஷ்மி போட்ட வெள்ளி இருக்கு, பூஜைக்கு நல்லது" என்றார். பொட்டும் புடவையுமாக ஒருத்தி வந்தால் பூஜைக்குத்தான் வருவாளா? "மெக்சிகோ எட்டு ரியால், ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறு, சீன முத்திரை குத்தினது" என்றேன். மனிதருக்குத் திறந்த வாய் மூடவில்லை. ஒருத்தரோடு முப்பது வருஷம் குடித்தனம் பண்ணினால் இதெல்லாம் காதில் விழுந்து தொலைக்கும். நானாகக் கற்றுக்கொள்ளவில்லை.

ஆமாம், ஜம்புலிங்கம் வீட்டம்மாதான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஓ, உங்களிடமும் வாங்கியிருக்கிறாரா? நினைத்தேன். இந்த மண்டபத்தில் பாதிப் பேர் எங்கள் வீட்டு பென்ஷனில்தான் சோறு சாப்பிடுகிறீர்கள் போலிருக்கிறது. அவர் வரவில்லை. ஒரு வருஷம்கூடத் தவறாதவர் ஏன் வரவில்லை என்றுதானே பார்க்கிறீர்கள்? சொல்கிறேன். சொன்னால்தான் உங்களுக்கும் புரியும், இந்தக் கறுப்பு எனக்கு எதற்கென்று.

அவர் என்னோடு பேசுவதில்லை. ஆடி மாசத்திலிருந்து.

சண்டை என்று நினைக்காதீர்கள். சண்டையாக இருந்தால் பரவாயில்லை, எனக்கு அதில் நல்ல பழக்கம். "சாப்பிட வாங்க" என்றால் வருகிறார். "உப்பு சரியா இருக்கா?" என்றால் "ம்". நேற்று வேண்டுமென்றே ரசத்தில் உப்பே போடவில்லை தம்பி. அதற்கும் "ம்".

எல்லாம் ஒரு காசுக்காக. ஒரே ஒரு காசு. காசுக்காகப் பெண்டாட்டியோடு பேசாமல் இருக்கிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் பார்த்திருப்பீர்கள், உங்கள் தொழில் அப்படி.

பேசாததுகூடப் பெரிசில்லை, தட்டுவதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிளாட்பாரத்தில் வண்டி வந்து நின்றதும் ஒருத்தர் நீளச் சுத்தியலோடு சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவாரே, பார்த்திருக்கிறீர்களா? நல்ல சக்கரம் மணி மாதிரி பேசும். விரிசல் விட்டது செத்த சத்தம் போடும். அவருக்கு அந்த உத்தியோகம். ரிட்டயர் ஆன பிறகும் கை நிற்கவில்லை. தேங்காயைத் தட்டுவார், தண்ணீர்ப் பானையைத் தட்டுவார். பக்கத்து வீட்டுத் தூணைத் தட்டிவிட்டு, "உள்ள கம்பி துருப்பிடிச்சுப்போச்சு சார்" என்று சொல்லி, அந்த வீட்டோடு இன்று வரைக்கும் மனஸ்தாபம். பெண் பார்க்க வந்த அன்றைக்கு என்னையும் ஒரு தட்டு தட்டிப் பார்த்திருக்கலாம். விட்டுவிட்டார்.

காசுப் பைத்தியம் பிடித்ததும் அதனால்தான். நிஜ வெள்ளியா போலியா என்று தட்டினால் தெரியுமாமே. இடது கை ஆள்காட்டி விரல் நுனியில் காசை நிறுத்துவார், பேனாவால் ஓரத்தில் ஒரு தட்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ரேடியோவில் கச்சேரி கேட்கிறவர் மாதிரி முகம்.

ஏன் மெக்சிகோ என்று நானும் கேட்டேன். "உலகத்துல அதிகமா வெள்ளி எடுக்கறதே அங்கதான். மத்த தேசத்துக் காசுன்னா பேருக்கு ஒரு விலை வெப்பான். இதுல வெள்ளி ஏறினா வெள்ளி விலை, ஏறலைன்னா வயசு விலை. ரெண்டு காலும் தரையில இருக்கு" என்றார். நான் கிரைண்டர் கேட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. கல் தேய்ந்து மாவு நறநறவென்று வருகிறது. தபால்காரர் பார்சல் கொடுத்தார். பிரித்தால் இறக்கை வைத்த அம்மாள்! கான்வென்ட் ஞாபகத்தில், "கபிரியேல் சம்மனசா?" என்று கேட்டேன். "இல்ல, இது விடுதலை" என்றார். யாருக்கு விடுதலை? மாவாட்டுகிறவளுக்கா?

அதெல்லாம் வட்ட வட்ட டப்பிக்குள் இருக்கும். கை படக்கூடாது, மூச்சுப் படக்கூடாது. டப்பியைத் திறந்தால் விலை போச்சு. உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா.

அந்தக் கறுப்பு மட்டும் டப்பியில் இருந்ததே இல்லை. அவர் சட்டைப் பையில், பஸ் சில்லறையோடு கிடக்கும். சில நாள் டீப்பாய் மேல், மிக்சர் தட்டுக்குப் பக்கத்தில். ஒரு தடவை வாஷிங் மெஷினில் சுற்றிவிட்டு வந்தது. முகமெல்லாம் குத்துக் குத்தாகப் பள்ளம். ஒன்று அன்னாசிப்பூ மாதிரி, ஒன்று கோழிக்கால் மாதிரி, இன்னொன்று என்னவென்றே தெரியாது. சீனாக்காரர்கள் வியாபாரத்தில் வாங்கும்போது, "இது நல்ல வெள்ளிதான், நான் பார்த்துட்டேன்" என்று ஒவ்வொருத்தரும் தங்கள் முத்திரையைக் குத்திவிட்டு அடுத்தவர் கையில் கொடுப்பார்களாம். "இத்தனை குத்து வாங்கியும் விரிசல் விடாத காசு" என்பார் என்னைப் பார்த்துக்கொண்டே. அவரைத்தான் சொல்லிக்கொள்கிறார் என்று எனக்குத் தெரியாதா?

நீங்களே நியாயமாகச் சொல்லுங்கள் தம்பி. மதிப்பான பொருளை யாராவது பஸ் சில்லறையோடு போடுவார்களா? நீங்கள் போடுவீர்களா? பூட்டி வைத்தது உசத்தி, வெளியே கிடப்பது மட்டம். எந்த வீட்டிலும் அப்படித்தானே? நான் நினைத்ததில் என்ன தப்பு?

மோர் விற்கிறானே, கூப்பிடுங்கள். வேண்டாம், போய்விட்டான்.

எங்களுக்கு ஒரே பெண். மிருதுளா. ஓசூரில் கட்டிக் கொடுத்தோம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டானாள். ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டுக் கூட்டி வந்தோம். அந்தப் பெண் வந்த அன்றிலிருந்து வீட்டில் எனக்குக் கிறுக்கு ஒன்றுக்கு இரண்டு. சாயந்திரம் காப்பி ஆனதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்காருவார். சட்டைப் பையிலிருந்து அந்தக் கறுப்பை எடுப்பார். வயிற்றுக்குப் பக்கத்தில் விரலை வைத்து ஒரு தட்டு. அந்தக் குழந்தை உதைக்கும்.

நிஜமாகத்தான். தட்டினால் உதைக்கும். "அப்பா, இங்க, இங்க!" என்று அவர் கையைப் பிடித்து வைத்துக்கொள்வாள்.

"தாத்தாவுக்கு சல்யூட் அடிக்கிறான் பாரு."

"உதைக்குதுப்பா அது."

"ரயில்வேல சல்யூட்டே அப்படித்தான்."

"வண்டி ரைட்டா?"

"ரைட். சக்கரம் நல்லாயிருக்கு. போலாம்."

தினமும் இதேதான். ஒரு நாள் தவறாது. டப்பிக் காசைத் திறக்க முடியாதில்லையா, அதனால் இந்தக் காசு. நான் பக்கத்தில் போய் நின்று கேட்டதெல்லாம் கிடையாது. அடுப்படியில் எனக்கு எங்கே நேரம்? வாய்க்கு ருசியாகக் கேட்கிறாளே என்று தினம் ஒரு பலகாரம். கேட்டுக்கொண்டு நின்றால் வடையை யார் திருப்புவது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைக்குப் பாலாடை வேண்டும். உங்கள் வீட்டில் உண்டா? அதுதான், மூக்கு வைத்த சின்ன வெள்ளிக் கிண்ணம், பிஞ்சு வாயில் பால் புகட்டுவது. தாய் வீட்டில் செய்துதான் ஆகவேண்டும். என் நாத்தனார் வேதா வந்திருந்தாள். "பொறந்தப்புறம் பண்ணிக்கலாமே அண்ணி. வயித்துல இருக்கறப்பவே ஒண்ணும் வாங்கறதில்லையே" என்று இழுத்தாள். "பிரசவம் ஆனதுக்கப்புறம் நான் ஆஸ்பத்திரியில நிப்பேனா, ஆசாரி கடையில நிப்பேனா? இதெல்லாம் என்கிட்ட சொல்லாதே வேதா. நான் கான்வென்ட்ல படிச்சவ" என்றேன். அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

எனக்குக் காத்திருக்கிற வேலையெல்லாம் ஆகாது. எங்கள் சிஸ்டர் ஃபெலிசிட்டி, நாளைக்குக் கொண்டுவரச் சொன்ன வீட்டுப்பாடத்தை இன்றைக்கே நீட்டினால்தான் சிரிப்பார். அந்தப் பழக்கம்.

கடையில் போய்ப் புதுப் பாலாடை வாங்கியிருக்கலாம். ஆனால் வீட்டில் இத்தனை வெள்ளி சும்மா கிடக்கும்போது? பூட்டி வைத்த ஒன்றைக்கூட நான் தொடவில்லை. அவருக்கு மனசு கஷ்டப்படும் என்று எனக்குத் தெரியாதா? இருப்பதிலேயே மட்டம், சொறி பிடித்த மாதிரி கறுத்துப்போய், டீப்பாயில் உருண்டுகொண்டிருந்ததை எடுத்துக்கொண்டு போனேன். பெரிய கடை வீதி ஆசாரி கையில் வாங்கி அப்படியும் இப்படியும் பார்த்தார். "வெள்ளி நல்ல வெள்ளிதாம்மா. ஆனா பழசு. அய்யாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா?" என்றார். "அய்யாவைக் கேட்டுத்தான் நான் மூச்சு விடறேனா? உருக்குங்க" என்றேன்.

அழகாகச் செய்திருந்தார். பொய் சொல்லக்கூடாது. ஒரு காசு, ஒரு பாலாடை, எடைகூடச் சரியாக வந்தது.

அன்று சாயந்திரம் காப்பி ஆயிற்று. அவர் சட்டைப் பையைத் தடவினார். டீப்பாய்க்கு அடியில் குனிந்து பார்த்தார். "என்ன தேடறீங்க, இங்க இருக்கு பாருங்க உங்க காசு" என்று பாலாடையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். எப்படிச் சொன்னேன், தெரியுமா? சிரித்துக்கொண்டே சொன்னேன். சந்தோஷப்படுவார் என்றுதான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேனாவால் ஒரு தட்டு தட்டினார். டொக். அவ்வளவுதான் அது. கிண்ணம் என்றால் டொக் என்றுதானே கேட்கும்? "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"அப்பா, இன்னைக்கு வண்டி பாக்கலையா?" என்று மிருதுளா கேட்டாள்.

உடனே எழுந்து போய் பீரோவைத் திறந்தார். இறக்கை அம்மாளை டப்பியிலிருந்து எடுத்தார். என் கண்ணால் பார்த்தேன் தம்பி, வருஷக்கணக்காகக் கை படாமல் வைத்திருந்ததை நகத்தால் நெம்பித் திறந்தார். தட்டினார். உதைக்கவில்லை. இன்னொன்று எடுத்தார். அதற்கும் இல்லை. ஒவ்வொன்றாக அந்தத் தட்டு முழுக்கத் திறந்துவிட்டார்.

"காசு மாறினது தெரிஞ்சுபோச்சுப்பா இதுக்கு" என்று மிருதுளா சிரித்தாள்.

"கோவமாடா உனக்கு? பாட்டிகிட்ட கோச்சுக்கோ, என்கிட்ட ஏன்?" என்றார் அவர்.

நானும்தான் சிரித்தேன். "தூங்குது, விடுங்க. நீங்க மணியடிச்சா அது எந்திரிக்கணுமா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

மறுநாளும் தட்டினார். மறுநாளும் இல்லை. புதுச் சத்தம், பழக வேண்டாமா என்று பேசிக்கொண்டார்கள். அதற்கு அடுத்த நாள் எப்படியும் செக்கப். எப்படியும் போகப் போகிறோமே என்று...

டாக்டரம்மா துடிப்புக் கேட்கிற கருவியை வயிற்றின் மேல் வைத்து நகர்த்தினார். நகர்த்திக்கொண்டே இருந்தார். வேறொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவரும் நகர்த்தினார். எங்கள் வீட்டுக்காரர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். என்னைவிட முன்னாலேயே இவருக்குத் தெரிந்துவிட்டது. காது அப்படி.

"நீங்க முன்னாடியே வந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்று டாக்டரம்மா இங்கிலீஷில் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். இருந்தாலும் இன்னொரு தடவை கேட்டேன். இரண்டாம் தடவை தமிழில் சொன்னார். தமிழில் சொல்லும்போது அது அவ்வளவு உறுதியாக இல்லை.

இவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தரையைப் பார்த்தபடி, "அந்தக் காசு இருந்திருந்தா..." என்றார். எனக்கு வந்ததே கோபம்! உள்ளே பெண் கிடக்கிற கிடையில் காசைப் பற்றிப் பேசுகிறாரே என்று. "ஒரு காசுதானே, வாங்கிக் குடுத்துத் தொலைக்கறேன்!" என்று கத்தினேன். நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

அன்றோடு பேச்சு நின்றது.

அவருக்கு நஷ்டம்தான் தம்பி, எனக்குத் தெரியாதா? டப்பியெல்லாம் திறந்ததில் அத்தனை காசுக்கும் விலை போயிற்று. கறுப்புக்குத்தான் எல்லாவற்றையும்விட மதிப்பு என்றும் பின்னால் கேள்விப்பட்டேன். அந்த ஏக்கம்தான். வேறென்ன இருக்க முடியும்?

வேதா வந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாலு பதில் கொடுத்திருப்பேன், தயாராக இருந்தேன். கிடந்த பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மிருதுளாவுக்குப் பால் கட்டிக்கொண்டது. குழந்தை இல்லையென்று பாலுக்கு யார் சொல்வது? மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினால் வற்றும் என்பார்கள். கான்வென்ட்டில் படித்தவள்தான், போய் வாங்கினேன். தினமும் முழம் முழமாக வாங்குகிறேனே என்று, "வீட்டுல என்னம்மா விசேஷம்?" என்று பூக்காரி கேட்டாள். "நெருங்கிக் கட்டு, இடைவெளி விடாதே" என்று அவளை அதட்டினேன்.

பெண் ஓசூருக்குப் போய்விட்டாள். போன் பண்ணினால், "சாப்ட்டியாம்மா?" என்கிறாள். "அப்பா?" என்கிறாள். வைத்துவிடுகிறாள்.

இது... இல்லை தம்பி, ஒன்றுமில்லை, தூசி. இதோ, கைக்குட்டையில் இருக்கிறது. பாலாடைதான். தொடுங்கள், பரவாயில்லை, உபயோகித்தது இல்லை. ஏன் தராசை எடுக்கிறீர்கள்? நான் விற்கவா வந்தேன்? எடை போடாதீர்கள் என்கிறேனே. வேறொன்று கேட்க எடுத்தேன். இதே வெள்ளிதான், ஒரு பொட்டுகூடக் குறையவில்லை. இதை மறுபடியும்... உங்களுக்குத் தெரிந்த ஆசாரி யாராவது... பழையபடி... சரி. முடியாது. முடியாது என்று எனக்கும் தெரியும். படித்தவள்தானே. சும்மா கேட்டேன்.

மூன்று முத்திரையும் அதே மாதிரி இன்னொன்று கிடைக்காதா? அதெப்படிக் கிடைக்காது? லட்சக்கணக்கில் அடித்தார்கள் என்று நீங்கள்தானே சொல்வீர்கள். சரி, ஒவ்வொரு காசும் வேறு வேறு கையில் குத்து வாங்கியது, ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. ஒப்புக்கொள்கிறேன். முத்திரை போனால் போகட்டும். வருஷம்கூட முன்னே பின்னே இருக்கட்டும். எடுங்கள் அந்தக் கறுப்பு வரிசையை. விரல் நுனியில் நிறுத்தத் தெரியுமா? அப்படித்தான். பேனா இரும்பாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் ஆகாது. தட்டுங்கள்.

இது இல்லை.

பார்க்கவே வேண்டாம், இது இல்லை. சீக்கிரம் அடங்கிவிட்டது. அது இன்னும் நீளும். வடை ஒரு பக்கம் சிவக்கிற வரைக்கும் நீளும். அடுத்தது.

இது வெறும் கணீர். எடுத்த எடுப்பிலேயே அலறுகிறது. அது அப்படி அலறாது, மெதுவாக எழும், நடு ஹாலிலிருந்து அடுப்படி வாசல் வரைக்கும் வரும், அங்கே வந்து ஒரு நடுக்கம் நடுங்கும். அப்புறம் ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா இருக்கும். அதற்கப்புறம் மிருதுளா சிரிப்பாள். அடுத்தது.

இல்லை.

இல்லை தம்பி. விலை எவ்வளவு என்று நான் கேட்டேனா? வருஷம் அதே எண்பத்தாறாக இருக்கட்டும், இது அது இல்லை. அடுத்ததைத் தட்டுங்கள்.

முடிந்துவிட்டதா? அவ்வளவுதானா, வரிசையே?

அப்படியானால் முதலிலிருந்து தட்டுங்கள். அவசரப்படாமல் தட்டுங்கள், எனக்கு ஒன்றும் அவசரமில்லை. யாரப்பா அங்கே, இந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்துங்கள். ஒன்றுமே கேட்கவில்லை.